பத்து வருடச் சோதனை

இரும்பு ஏணியில் பதினாறாவது படி ஆடும்.
நான் சொல்லி வாயெடுக்குமுன்
இயோ காலை வைத்துவிட்டான்.
புது இன்ஜினியர், பினாங்குப் பிள்ளை.
உங்களுக்கு எப்படித் தெரியும் அக்கா என்று
மலாயில் கேட்டான்.

கீழே கார் செய்த காலத்தில்
நான் சாயப் பிரிவு, இரண்டாம் ஷிப்டு.
கதவு கதவாய்த் தடவி
ஒரு தூசி, ஒரு முடி
விரலில் பிடித்துவிடுவேன்.

வெயில் அப்போது எங்களுக்கு எதிரி.
எந்தச் சாயம் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க
உள்ளங்கை அகலத் தகடுகளில்
சிவப்பு, சாம்பல், முத்துவெள்ளை பூசி
பாதியைக் கறுப்பு நாடாவால் மூடி
இந்தக் கூரையில்தான் கட்டுவோம்.
மாதம் ஒருமுறை நானும் ரொஸ்லியும் ஏறி வந்து
நோட்டில் குறிப்போம்.

மூடிய அன்று
கேட்டில் பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள்.
கதவு மாட்டாத கார் ஒன்று
லைனிலேயே நின்றது.
ரொஸ்லி பாசார் மாலாமில் அப்பாம் விற்கப் போனான்.
ஞானப்பூ ஜொகூருக்கு பஸ் ஏறினாள்.
நான் கிளினிக்கில் தரை துடைத்தேன்.

இப்போது கூரை முழுக்க நீலக் கண்ணாடி.
குரங்கின் கால்தடம், மைனா எச்சம்,
செம்பனை ஆலையின் கரி.
நீளக் கம்பில் பிரஷ் கட்டித் துடைக்க
நாங்கள் ஆறு பேர்.
முன்பு ஷிப்டுக்கு முந்நூறு என்றேன்.
வெயிலுக்கு ஆள் வேண்டாம் அக்கா என்றான் இயோ.
கரண்டு எங்கள் ஃபிளாட்டைத் தாண்டித்தான்
தெற்கே போகிறது.
என் பில் அதே நாற்பத்தேழு வெள்ளி.

நேற்று
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு தகடு.
கம்பி துருவேறியும் பிடி விடவில்லை.
பின்புறம் என் கையெழுத்து:
எண், தேதி, பத்து வருடம்.
முடிந்து ஏழு மாதம் ஆகிறது.

நாடாவை உரித்தேன்.
மூடிய பாதி, ஷோரூமில் நிற்கும் சிவப்பு.
மறுபாதி,
தைப்பூசம் முடிந்து நாலாம் நாள்
சாலையோரம் கிடக்கும் தோரணம்.
நடுவில் விரலை ஓட்டினேன்.
விரலுக்கு எந்தக் கோடும் தட்டவில்லை.

ரொஸ்லிக்குப் போன் போட்டேன்.
மாவு கரைத்துக்கொண்டிருந்தான்.
விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள்
"எத்தனை?" என்றான்.
கண்ணளவில் மூன்று.
மூன்றுக்குக் கீழே போனால்தான் தோல்வி.
"அப்படியென்றால் பாஸ்" என்றான்.

கொஞ்ச நேரம்
அவன் பக்கம் கரண்டி சத்தம் மட்டும்.
பன்னிரண்டாம் வரிசை இன்னும் அழுக்கு என்று
கீழிருந்து இயோ கத்தினான்.