மயிரிழை

ஃபின்லாந்தின் மார்ச். பாறைக்கு வெளியே
பனி உருகத் தொடங்கியிருந்தது.
மலையைக் குடைந்த எங்கள் ஆலைக்குள்
எப்போதும் ஒரே பருவம்:
மஞ்சள் விளக்கு, ஈரம், ஊரின் வாடை.

உருகிய பனி சாக்கடைக்குள் இறங்கினால்
நீர் குளிர்ந்து தடித்துப்போகும்.
அதை உறிஞ்சச் சவ்வு மூச்சுத் திணறும்.
மூன்றாம் தொட்டியில் அழுத்தம் ஏறிக்கொண்டே போனது.
சிட்ரிக் அமிலம் கொடுத்தோம். குளோரின் கொடுத்தோம்.
இறங்கவில்லை.
"தூக்கிப் பார்த்துவிடுவோம்" என்றார் வெய்க்கோ.

கிரேன் தூக்கியது.
பல்லாயிரம் வெள்ளைக் குழல்நூல்கள்
கசடு சொட்டச் சொட்ட மேலே வந்தன,
முங்கி எழும் ஒரு தலைபோல.
அவற்றின் ஊடே, அடியிலிருந்து நுனிவரை,
முடி.
ஊரின் முடி முழுவதும்.

இரண்டு மில்லிமீட்டர் சல்லடையில்
பட்டாணி நிற்கும், பஞ்சுக்குச்சி நிற்கும்.
முடி மட்டும் தலை குனிந்து
நெடுக்குவாட்டில் நுழைந்துவிடும்.
நுழைந்தது சும்மா இராது;
காற்றுக் குமிழிகளோடு ஆடி ஆடி
யாரும் கேட்காமலே பின்னல் போடும்.

கையுறை மாட்டி உட்கார்ந்து சிக்கெடுத்தோம்.
நரை, செம்பட்டை, பச்சைச் சாயம் பூசிய ஒரு கற்றை.
ஒன்றை நாய் என்றார் வெய்க்கோ.
கரடி என்றேன். சிரித்தோம்.

பிறகு நான் சிரிக்கவில்லை.
ஜனவரியில் என் தங்கை இர்மெலி
சவுனாவில் தலைக்கு நீர் ஊற்றியபோது
கையோடு வந்துவிட்டது கூந்தல்.
பலகையில் ஒட்டியதை அவளே கழுவிவிட்டாள்,
நான் பார்க்கும் முன்.
வைக்கோல் நிறம். இந்த ஊரில்
பாதிப் பேருக்கு வைக்கோல் நிறம்தான்.
எதை எடுத்து யாருடையது என்பேன்?

மருத்துவமனையும் எங்கள் குழாயில்தான் சேர்கிறது.
ஒரு மயிரிழையின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை
இந்தச் சவ்வின் துளை.
கிருமி நுழையாது. கசடு நுழையாது.
அவளுக்கு ஏற்றிய மருந்து அதைவிடச் சிறியது;
கேட்டுக்கொண்டா போகும்?
அடுத்த பட்ஜெட்டில் கரித்தொட்டி வரும் என்கிறது நகராட்சி.
சென்ற பட்ஜெட்டிலும் சொன்னது.

மாலையில் சவ்வை இறக்கினோம். அழுத்தம் தணிந்தது.
மாதிரிக் குடுவையை விளக்குக்கு நேரே பிடித்தேன்.
அப்படி ஒரு தெளிவு.
மறுபக்கம் வெய்க்கோவின் மீசை தெரிந்தது,
இழை இழையாக.
இதுதான் ஏரிக்குப் போகிறது,
பனிக்கட்டிக்கு அடியில் பெர்ச் மீன்கள் விழித்திருக்கும் இடத்துக்கு.

வீட்டுக்குப் போன் செய்தேன்.
"முளைக்குது" என்றாள். "மீன்முள் மாதிரி குத்துது.
வந்து தடவிப் பார்."
மயிரிழையில் தப்பியவள்.

இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.
நீர் சுழன்று இறங்கியது,
நாளைக் காலை என்னிடமே வர.