கடைசி வண்டிக் குச்சி

குண்டடம் தாண்டி ரோட்டைப் பாதியாக வெட்டியிருந்தார்கள்.
அந்தக் கடைசியில் துளசிமணி
இந்தக் கடைசியில் நான்
நடுவே அரைக் கிலோமீட்டர் ஜல்லி, ஒரு வளைவு.
எட்டு மணி நேரமும் ஒருத்தியை ஒருத்தி பார்க்க முடியாது.

வாக்கிடாக்கி கேட்டோம்.
மேஸ்திரி ஒரு மூங்கில் குச்சி கொடுத்தார்
நுனியில் சிவப்புப் பெயிண்ட் அடித்து.

நான் விடுகிற வரிசையில் கடைசி வண்டி எதுவோ
அதன் டிரைவர் கையில் கொடுப்பேன்.
குச்சி அவளிடம் சேர்ந்தால்தான்
அவள் பக்கத்து வண்டிகள் நகரும்.
அந்த வரிசையின் கடைசி வண்டியில்
எனக்குத் திரும்பி வரும்.

தயிர் வண்டியில் வந்திருக்கிறது.
கறிக்கோழி லாரியில், இறகு ஒட்டி.
ஒரு சனிக்கிழமை
சந்தை ஆடுகளுக்கு நடுவே செருகி.
சில நாள் அதில் கேரிப்பை தொங்கும்,
அவித்த கடலைக்காய், இன்னும் சூடாக.
"அந்தக்கா குடுக்கச் சொல்லுச்சுங்."
நான் ஒருமுறை தலைவலி மாத்திரை கட்டி அனுப்பினேன்.

கொடி பனியன் துணி, கம்பெனிக் கட்பீஸ்.
ஆடிக்காத்து இழுத்த பக்கமெல்லாம் நீளும்.
காற்றாடிகளுக்குக் கொண்டாட்டம்
எங்கள் கூம்புகள் உருண்டோடும்.
ஓடிப்போய் நிமிர்த்தி வைக்க வேண்டும்,
கூலியில் அது சேராது.

அன்றைக்குப் பொழுதோடு நாலே கால்.
குச்சி போய் வெகுநேரம் ஆகிவிட்டது.
எதிரில் ஒரு சைக்கிள்கூட வரவில்லை.
என் முதுகுக்குப் பின்னால் ஆரன்,
"ஏனம்மிணி, நின்னுட்டே தூங்கறயா?"
ஒருத்தர் இறங்கி வந்து கொடியைத் தட்டிவிட்டார்.
எடுத்து மறுபடி பிடித்தேன்.
குச்சி வராமல் விட்டால் வளைவில் நேருக்கு நேர்.
எத்தனை திட்டு வாங்கினாலும் விடக் கூடாது என்று
எனக்குச் சொல்லித் தந்ததே அவள்தான்.

அப்புறம் வரிசையைப் பிளந்துகொண்டு நூத்தியெட்டு.
எங்கே என்று கேட்டேன்.
முன்னால் கையைக் காட்டினான்.

குச்சி இல்லாமல் நான் விட்ட வண்டி
அது ஒன்றுதான்.

நூல் பாரம் ஏற்றிய டெம்போ.
அவள் கூம்பை எடுக்கக் குனிந்திருக்கிறாள்.
ஓட்டியவன் ரெண்டு ராத்திரி தூங்காதவன்,
ஜல்லிமேல் உட்கார்ந்து அழுதானாம்
அவளுக்குத் தண்ணீர் கொடுக்கவும் கை வராமல்.

இடுப்பெலும்பு. வலது தொடை. விலாவில் ரெண்டு.
திருப்பூர் பெரியாஸ்பத்திரிச் சீட்டில்
"பாதசாரி" என்று எழுதியிருந்தது.
ஒரு எட்டுகூட நடக்கலைங்க,
நிக்கறதுக்குத்தான் அவளுக்குக் கூலி என்றேன்.
எழுதியதை மாற்ற முடியாதாம்.

மயக்கம் தெளிந்து அவள் கேட்டது,
"குச்சி யாருகிட்ட இருக்குது?"
தேடினேன் துளசி, ஜல்லிக்குள் எங்கேயோ.

இப்போது அந்தக் கடைசியில் பிகாஷ் என்று ஒரு பையன்,
ஒடிசாக்காரன், பேச்சு புரியாது.
புதுக் குச்சி ஒழுங்காகத்தான் வருகிறது.
நாலு நிமிஷம் தாண்டினால் மட்டும்
என் வலது தொடை
தானாக நடுங்குகிறது.