தபாலுக்கு நான்கு நாள்

சேவுகன்,
மதுரையில் எனக்குக் கண் அறுவை.
நான்கு நாள் தபாலை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.
கானாடுகாத்தான் மாப்பிள்ளைகளைச் சுமந்தவள்,
கொஞ்சம் திமிர் உண்டு, கடிக்க மாட்டாள்.
பெயர் சொல்லிக் கூப்பிட்டால்
தாமதமாகத்தான் திரும்புவாள்.

தண்ணீர் முதலில், தீனி பிறகு.
கொள்ளு ராத்திரியே ஊற வேண்டும்.
காலையில் வேகவைத்து
நகம் பட்டால் மசிகிறதா பாருங்கள்.
அவசரம் என்று அரைவேக்காட்டில் இறக்காதீர்கள்.
குதிரைக்கு வாந்தி எடுக்க வராது,
உள்ளே போனது போனதுதான்.
(எனக்கும் அப்படித்தான் என்பான் என் மகன்,
வேறு விஷயத்தில்.)

புதுவயல் மில் தவிடு இரண்டு கைப்பிடி.
காறல் வாடை அடித்தால்
மூட்டையை வந்த வண்டியிலேயே ஏற்றிவிடுங்கள்.

அருகம்புல் எவ்வளவும்.
பிள்ளையாருக்கு ஒரு பிடி கேட்டு வருவார்கள், கொடுங்கள்.
இரண்டு பிடி கொடுக்காதீர்கள்.

காரட்டை நீளவாட்டில் நறுக்குங்கள்,
வட்டம் தொண்டையில் அடைக்கும்.
கடலைக்கொடியில் வெள்ளையாய்ப் பூசணம் கண்டால்
உதறிப் போடலாமா என்று யோசிக்கக்கூடாது.
மழை பொய்த்து வாடிய இளஞ்சோளம், அது விஷம்.
சீமைக்கருவேல நெற்று இனிக்கும்,
நிற்கிற இடமெல்லாம் பொறுக்குவாள்.
ஒன்றிரண்டு போகட்டும்.
வயிறு முட்டத் தின்றால் குடலில் கட்டிக்கொள்ளும்.

சவுண்டல் தழை மட்டும் வேண்டவே வேண்டாம்.
ஆடு தின்கிறதே என்று
போன தை மாதம் யாரோ ஒடித்து ஒடித்துப் போட்டிருக்கிறார்கள்.
பிடரி உதிர்ந்தது. பிறகு வால்.
முகூர்த்தத்துக்கு முன்பணம் வாங்கியாகிவிட்டது.
காரைக்குடியில் சவுரி வாங்கி வாலில் கட்டினேன்.
போட்டோவில் யாருக்கும் தெரியவில்லை.
வீடியோவில்
நாதஸ்வரக்காரர் காலடியில் கிடக்கிறது,
அவர் தாண்டிப் போகிறார், வாசிப்பை நிறுத்தாமல்.

வெள்ளிக்கிழமை புரவி எடுப்பு.
மண்குதிரைகள் தோளேறி நம் தெருவழியேதான் போகும்,
கழுத்து நிறையச் செவ்வரளி.
தபாலைப் பார்த்ததும் யாராவது
பாசத்தில் இவளுக்கும் ஒரு மாலை போடுவார்கள்.
கழுத்தை வளைத்தால் வாய்க்கு எட்டும்.
அரளியில் பூ, இலை, குச்சி எல்லாமே எமன்,
காய்ந்தாலும் எமன்.
திட்டாதீர்கள், கும்பிட்டுப் போட்டது.
மெல்லக் கழற்றி
பின்னால் வரும் மண்குதிரைக்குப் போட்டுவிடுங்கள்.
அதற்கும் வயிறு இருக்கிறது,
உள்ளே காற்றுதான்.

டாக்டர் நம்பர் லாடப்பெட்டி மூடியில்.
தரையில் புரண்டாலோ
விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ
எனக்கு அடிக்காதீர்கள், அவருக்கு அடியுங்கள்.

திங்கட்கிழமை கட்டுப் பிரிப்பார்கள்.
வந்ததும் முதலில்
அவள் வாலைத்தான் பார்ப்பேன்.

நசீமா