நாலு விசில்

பதினோரு ஓட்டங்கள்.
அதில் பத்துக்கு எதிரே
என் கையெழுத்தில் ஒரே சொல்: விலகல்.
காரணம் என்ற கட்டம் ரொம்பச் சின்னது.
அதற்குள் அடங்க எழுதப் பழகியிருந்தேன்.
டர்போ. டர்போ. பிஸ்டன். டர்போ.
தீ.
டர்போ.

வண்டி எண் பதினேழு.
செங்கல்வராயன் அதை வரைந்தது
பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம்;
மூக்கு ஏப்ரலில், பின்சிறகு ஜூலையில்.
அலுமினியத் தகடு, ஆயிரத்து இருநூறு ரிவெட்,
ஆக்சிடெண்டான பியட்டின் எஞ்சின்,
அதன் கழுத்தில்
புதுப்பேட்டையில் எடைக்கு வாங்கிய லாரி டர்போ,
நத்தை மாதிரி சுருண்டு.

வெளியே போகிற புகை
போகிற போக்கில் ஒரு சக்கரத்தைச் சுழற்றும்;
சக்கரம் காற்றைத் திணிக்கும்;
திணித்த காற்று இன்னும் அதிகப் புகையாகும்.
“வட்டிக்கு வட்டி” என்றார் வெல்டர் ஜெய்லானி.
அவருக்குத் தெரியும். மூன்று இடத்தில் கடன்.

எங்கே நிறுத்துவது?
மிஞ்சியதைத் திறந்துவிட ஒரு வால்வு வேண்டும்.
வெளிநாட்டு வால்வுக்குத் துறைமுகத்தில் கேட்ட தீர்வையில்
இன்னொரு வண்டி கட்டலாம்.
செங்கல்வராயன் வீட்டுக் குக்கர் வெயிட்டைக் கொண்டுவந்தார்.
அடியில் ஸ்பிரிங், மேலே வாஷர்.
வாஷர் ஒன்றுக்கு விசில் ஒன்று.
அன்றுமுதல் எங்கள் ஷெட்டில்
அழுத்தத்தை அளந்தது அப்படித்தான்.
“இன்னிக்கு எத்தினி விசில்ணா?”
“ரெண்டு. மேல போனா கொழஞ்சிரும்.”
அவர் வீட்டில் மூன்று மாதம் பருப்பு வேகாத கதை
பதிவேட்டில் இல்லை.

சோழவரம், பிப்ரவரி.
பழைய ஓடுதளம், பாளம் பாளமாகக் கான்கிரீட்,
ஒவ்வோர் இணைப்பிலும் வண்டிக்கு ஒரு விக்கல்.
ஏரித் தண்ணீரைத் துண்டில் வடிகட்டி
ரேடியேட்டரில் ஊற்றினோம்.

ஓட்டியவன் மெல்வின் டிக்ரூஸ், பெரம்பூர் ரயில்வே காலனி.
மிதித்தால் ஒன்றும் நடக்காது.
ஒன்று.
ஒன்றரை.
பிறகு எல்லாம் ஒரேயடியாக நடக்கும்.
அதனால் வளைவுக்குள் நுழையும்போதே,
பிரேக் இன்னும் பிடித்திருக்கும்போதே,
வெளியே வரப்போகும் வண்டிக்காக இப்போதே மிதிப்பான்.
“லெட்டர் போடற மாதிரி மேடம்.
நான் போய்ச் சேர்றப்ப அதுவும் வந்து சேரணும்.”

ஏழாவது ஓட்டத்தில்
நாலு வாஷர் வைத்தது யாரென்று
இதுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

மூன்றாம் சுற்று.
புகைக்குழாய் கங்கு நிறத்தில்.
மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.
ஐஸ்காரன் தன் மணியை உள்ளங்கையால் மூடிக்கொண்டான்.
கடிதமும் ஆளும்
ஒரே நொடியில் வாசலுக்கு வந்த மாதிரி
என்னைத் தாண்டிப் போனான்.
வாட்சை அமுக்கினேன்.
ஒன்று நாற்பத்தொன்பது புள்ளி ஆறு.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அதேதான்.

தலைமை நேரக் கணக்காளர் அப்போது
பிளாஸ்க் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.
இரண்டு வாட்ச் ஒத்தால்தான் மையில் எழுதலாம்.
பென்சிலில் குறித்தேன்.
நான்காம் சுற்றில் தீ.
மெல்வின் குதித்து இறங்கி
ஹெல்மெட்டால் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டான்.

பதினோராவது ஓட்டத்துக்கு டர்போவைக் கழற்றிவிட்டார்கள்.
கடைசிவரை ஓடியது. ஐந்தாம் இடம். மையில் இருக்கிறது.
இறங்கியவன் சொன்னான்:
“எங்கம்மாகூட பஸ்ல வந்த மாதிரி இருந்திச்சு.”

புதுப்பேட்டையிலிருந்து வந்தது புதுப்பேட்டைக்கே போனது.
டர்போவை ஒரு நாமக்கல் லாரிக்காரர் வாங்கினார்.
குக்கர் வெயிட்டை மரகதவல்லி புளி போட்டுத் தேய்த்தாள்;
கருப்பு போகவில்லை,
அப்படியே உலையில் வைத்தாள்.

சங்கத்திலிருந்து பதிவேட்டைத் திருப்பிக் கேட்டு
ஒருமுறை கடிதம் வந்தது.
தொலைந்துவிட்டது என்று பதில் எழுதினேன்,
மையில்.