அறுபத்தொன்பது

குளிர்ந்த கண்ணாடித் தகட்டில்
ஒரு முழ உயரத்திலிருந்து சொட்டு விழ வேண்டும்.
அப்போதுதான் செல் உடைந்து
குரோமோசோம்கள் சிக்கலில்லாமல் பரவும்.
கோரிமேட்டில் பதினோரு வருடமாக
இந்தச் சொட்டை விட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஐம்பதைத் தாண்டியதும்
நான்தான் தப்பாக எண்ணுகிறேன் என்று
தொடக்கத்திலிருந்து மறுபடி.
இன்னொரு செல். அதற்கடுத்தது.
இருபதாவது செல்லிலும் அதே கணக்கு:
இருபத்துமூன்று வகை,
ஜோடி ஜோடியாக இல்லை, மும்மூன்றாக.

படிவத்தில்
வேதவல்லி, இருபத்தாறு, சோரியாங்குப்பம்.
முதல் கர்ப்பம். பதினோராம் வாரம் கலைந்தது.
காரணம் என்ற கட்டத்தில்
யாரோ கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்கள்.

அவளிடம் காரணம் நிறைய இருந்தது.
முடிவு வந்ததா என்று கேட்க வந்தவள்
எங்கள் ஜன்னலில் நின்று ஒவ்வொன்றாக இறக்கினாள்:
பப்பாளி ஒரு துண்டு,
கடலூர் வரை பஸ்ஸில் நின்றே போனது,
கிரகணத்தன்று வெங்காயம் நறுக்கியது,
மாமியாரை மனசுக்குள் ஒரு தரம் வைதது.

டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் சொன்னேன்:
அம்மாவிடமிருந்து ஒரு கட்டு, அப்பாவிடமிருந்து ஒரு கட்டு.
இதில் மூன்றாவதாக ஒன்று
கரு கூடிய நேரத்திலேயே சேர்ந்துவிட்டது.
பப்பாளிக்கு இது தெரியாது.

"அப்ப யார் செஞ்சது?"
"யாரும் செய்யல."
அதைக் கேட்டுத்தான் அழுதாள்.

அவள் புருஷனுக்குப் பெரிய மார்க்கெட்டில் பழக்கடை.
வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள்
ஒரு சீப்பு ரஸ்தாளியை
ஜன்னல் மேடையில் வைத்துவிட்டுப் போனான்.

மதியம் ஒன்றை உரித்தேன்.
பதினொன்று, மூன்று தரம், முப்பத்துமூன்று.
வாழைக்கும் மூன்று கட்டுதான்.
நடுவில் எள்ளைவிடச் சிறிதாய்க் கறுப்புப் புள்ளிகள்,
விதையாக முயன்று விட்டுவிட்டவை.
மூன்றை இரண்டு கைக்குச் சமமாகப் பங்கிட முடியாது.
அதனால் விதை இல்லை.
கிழங்கிலிருந்து கன்று, கன்றின் பக்கத்தில் கன்று.

அவர்கள் கல்யாண வாசலில்
குலை தள்ளிய மரம் இரண்டைக் கட்டி
யாராவது வாழ்த்தியிருப்பார்கள்,
வாழையடி வாழையாக என்று.

கை கழுவிவிட்டு அறிக்கை தட்டினேன்.
அறுபத்தொன்பது.
கீழே, யாரும் கேட்காத ஒரு வரி:
பெற்றவர்கள் செய்த எதுவும் இதற்குக் காரணமல்ல.

ஜெர்மேன் டாக்டர் அந்த வரியில் பேனாவை வைத்தார்.
அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
இதை மட்டும் தமிழில்
இன்னொரு தாளில் அடித்துக் கொண்டுவா, என்றார்.
கொஞ்சம் பெரிய எழுத்தில்.