யூலை ஒன்று, கொம்பனித்தெரு

ரெகேக்கு என்று வருஷத்தில் ஒரு நாள் இருக்கிறதாம்.
ஜுமாட் போனில் சொன்னபோது
அடகுக் கவுண்டரில்
யாருடையதோ தாலிக்கொடியை நிறுத்துக்கொண்டிருந்தேன்.
எங்கே, என்றேன்.
"உலகம் முழுக்க."
அதுதான் எங்கே?
"எங்கட யார்ட்ல."

யார்ட் என்றால்
பள்ளிவாசலுக்குப் பின்னால்
மாடிக் கட்டடங்கள் தின்று மிச்சம் விட்ட ஒரு முற்றம்.
பேரை வாவியின் பச்சை வாடை.
சில்லுக் கழற்றிய ஓட்டோ ஒன்று.
அதன் முதுகுத் தகரத்தில்
சடைமுடிக்காரர் ஒருவர் சிரிக்கிறார்.
சாரதி மூன்று தரம் மாறி
எஞ்சினும் இப்போது இல்லை.
சிரிப்பு அப்படியே.

நூறாம் நம்பர் பஸ்ஸில் போனேன், பேஸ் கிட்டாரோடு.
கொண்டக்டர் அதற்கும் டிக்கெட் போட்டார்.
கொடுத்தேன்.
நாலு தடித்த நரம்பு, ஒரு முழு சீற்.

கொழும்பின் புழுக்கத்துக்கு
இதைவிடப் பொருந்திய வேகம் கிடையாது.
துள்ளச் சொல்லாது.
முழங்காலைக் கொஞ்சம் மடி, போதும் என்னும்.
வேர்த்து ஒழுகும்போதும் அவசரப்படாது,
வட்டி கட்ட வந்தவர் போலப் பதறாது.

ட்ரம்ஸில் டெல்ரிக்.
ஒன்றில் அடிக்காதே என்பான்.
ஒன்றை விடு. மூன்றில் விழு.
எனக்கு அது பிடிபட இரண்டு வருஷம்.
தொடையில் ஆதிதாளம் போட்டு வளர்ந்த கை இது;
சமம் என்றால் எல்லாரும் வந்து சேருகிற இடம்.
அங்கே ஆளில்லாமல் ஒரு பாட்டு எப்படி நிற்கும்?

நிற்கிறது.

கொடி கட்டினோம். சிவப்பு, மஞ்சள், பச்சை.
பச்சைத் துணி போதவில்லை.
ரோட்டிலிருந்து பார்த்தால்
சிவப்பும் மஞ்சளும் மட்டும்.
பொலிஸ் வந்தது.

யாருடைய கொடி, சிங்களத்தில் கேட்டார்.
எத்தியோப்பியா, சிங்களத்தில் சொன்னோம்.
அவர் அதை எழுதிக்கொண்டார்,
எழுத்துப் பிழைக்காக டெல்ரிக்கை இரண்டு தரம் கேட்டு.
நாலு பேரின் அடையாள அட்டையும் பார்த்தார்.
என்னுடையதில்
நல்லைநாதன் என்ற இடத்தில்
கொஞ்சம் மூச்சு வாங்கினார்.
பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார்.
பத்து மணிக்கு நிப்பாட்டவேணும், என்று போனார்.
போனவர் கொத்துக் கடையில்
எங்களுக்கு முதுகு காட்டி நின்றார், கடைசிவரை.

தினிதி பாடினாள்.
கூட்டம் கை தட்டியது,
பஜனையில் தட்டுவதுபோல் சரியாக ஒன்றில்.
டெல்ரிக் தலையில் அடித்துக்கொண்டான்.
மீன் வெட்டுகிற பரீதா அக்காதான் முதலில் பிடித்தார்:
கையை உயர்த்தி, பொறுத்து,
பிறகு போட்டார்.
அவருக்குப் பின்னால் முழு முற்றமும் பொறுத்தது.
அப்படி ஒரு பொறுமையை
இந்தத் தெருவில் நான் கண்டதில்லை,
மண்ணெண்ணெய் வரிசையில்கூட.

எட்டேமுக்காலுக்குக் கரண்ட் போனது.

கரண்ட் இல்லாத பேஸ்
தூக்கத்தில் யாரோ முனகுவதுபோல இருக்கும்.
என்ன செய்வதென்று தெரியாமல்
கிட்டாரின் தலையை
ஓட்டோவின் தகரத்தில் அழுத்தி வாசித்தேன்.
தகரம் முழங்கியது.
சிரிப்பு அதிர்ந்தது.
ஒவ்வொருவராக வந்து
தகரத்தில் உள்ளங்கை வைத்தார்கள்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
ஒருத்தர் காதையே வைத்தார்.

இருட்டில் நாளை எண்ணினேன்,
எண்ணக்கூடாது என்றுதான் இருந்தேன்.
இன்று ஒன்று.
இருபத்துமூன்றுக்கு இன்னும் இருபத்திரண்டு.
எங்கள் வீட்டில் யூலைக்கு அந்த ஒரு தேதிதான்.
அன்று வெளியே போய்த் திரும்பாத மாமாவுக்கு
படம்கூட இல்லை, படங்களும் எரிந்துவிட்டன.

ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஒன்று வந்தது,
வெறுமையாக.
அதில் யாரை வைப்பதென்று
ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.
வைத்தேன்.
மூன்றில் டெல்ரிக் விழுந்தான்.

ஒன்பது ஐம்பத்திரண்டுக்குக் கரண்ட் வந்தது.
எட்டு நிமிஷம் இருந்தது.
எட்டையும் ஆடினோம்.