எக்ஸ்எல் என்றால் நாற்பது

பதினைந்து வேலம்பாளையத்தில் எங்கள் கம்பெனி.
ஊர்ப்பேருக்கு முன்னால் எண் எதற்கென்று
இருபத்தாறு வருசமாக யாரும் கேட்கவில்லை,
நானும்.
பல்லடம் பக்கம் அறுபத்துமூன்று வேலம்பாளையம் இருக்கிறது.
நடுவிலிருந்த நாற்பத்தேழும்
எங்கே போயின என்று கேட்டதில்லை.

செக்கிங் டேபிளில்
எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எழுத்து நாலே நாலு:
எஸ், எம், எல், எக்ஸ்.
எக்ஸ் வந்தால் துணி அகலும்.
இரண்டு எக்ஸ் வந்தால் இன்னும் அகலும்.
வெள்ளைக்காரன் வயிற்றை வைத்து
நான் படித்த படிப்பு அது.

ஆவணியில் ஒரு ஆர்டர்.
கருநீலம், வட்டக் கழுத்து,
எட்டாயிரத்து நானூறு பீஸ்.
நெஞ்சில் பிரிண்ட்:
MCMXCIX.
"சைசைக் கொண்டுபோய் நெஞ்சுல எதுக்குங் போடறாங்க?"
மெர்ச்சண்டைசர் பிள்ளை சிரித்தாள்.
"அது வருசங்க்கா. தொண்ணூத்தொம்பது."
அதற்குள் அவளுக்கு போன் வந்துவிட்டது.

தொண்ணூற்றொன்பதில்தான்
வெள்ளகோவில் பஸ்ஸில் வந்து இறங்கினேன்,
பிசிர் வெட்ட.
வயசு பதினாலு.
கேட்டால் பதினெட்டு என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

சாப்பாட்டு நேரத்தில்
பிரிண்டிங் பசந்த் பெஹெராவும் நானும்
கட்டிங் டேபிளில் மார்க்கிங் சாக்கால் எழுதிப் பார்த்தோம்.
அவனுக்குப் பன்னிரண்டு வரை தெரியும்,
பள்ளிக்கூடத்துக் கடிகாரம் உபயம்.
மீதியை செல்லில் தேடினோம்.
ஐ ஒன்று, வி ஐந்து, எக்ஸ் பத்து,
எல் ஐம்பது, சி நூறு, எம் ஆயிரம்.
சின்னது பின்னால் நின்றால் கூட்டு,
முன்னால் நின்றால் கழி.
அப்படியானால் எக்ஸ்எல் நாற்பது.
எக்ஸ்எக்ஸ்எல் என்று ஒரு எண்ணே கிடையாது!
அத்தனை பெரிய வயிறு
ரோமாபுரியில் இருந்ததில்லை போல.
ஊர்ப்பேருக்கு முன்னால் XV போட்டுப் பார்த்தேன்.
தையல் மிஷின் மாடல் மாதிரி இருந்தது.

ஒன்பதில்தான் திகைத்தேன்.
பத்தை எழுதி, அதற்கு முன்னால் ஒன்றை நிறுத்தி,
இதைக் கழித்துக்கொள் என்கிறார்கள்.
நேராக எழுதினால் என்ன கேடு?
பிறகு வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.
ஒன்பது: உள்ளே பத்து.
தொண்ணூறு: இன்னும் நூறு வரவில்லை, பேரில் நூறு.
தொள்ளாயிரம்: ஆயிரத்துக்கு நூறு பாக்கி,
அதற்குள் ஆயிரம்.
சம்பளம் வருமுன்னே
கடை வைத்த மளிகைபோல
வரப்போகும் பேரை முன்கூட்டியே வாங்கும் பழக்கம்
நமக்கும் இருந்திருக்கிறது.
"எங்க பேச்சுல இருபத்தொன்பதுன்னா
முப்பதுக்கு ஒண்ணு குறை, அக்கா" என்றான் பசந்த்.
பெல் அடித்தது.

புதன்கிழமை,
மூவாயிரத்துச் சொச்சம் மடித்த பிறகு
கண்ணில் பட்டது:
MCMXIX.
ஒரு சி இல்லை.
ஒரு எழுத்தில் எண்பது வருசம்.

"ஏனுங், இது பத்தொம்பதாம் வருசமுங்.
தொண்ணூத்தொம்பது இல்லீங்."
செங்கோட்டுவேல் அண்ணன்
துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"பிலிம்லயே இப்படித்தான் வந்துச்சு.
இதையெல்லாம் எவன் எண்ணப் போறான்?"
"நான் எண்ணிட்டனுங்."

மெயில் போயிற்று.
லைனை நிறுத்தி எல்லோரும் டீ குடித்தோம்.
இரண்டு பேர் என்னை முறைத்தார்கள்,
பீஸ் ரேட்காரர்கள்.
ராத்திரி பதினொன்றரைக்குப் பதில்:
பரவாயில்லை, அனுப்புங்கள்.

கண்டெய்னர் தூத்துக்குடிக்குப் போனது,
நான் பிறப்பதற்கு அறுபத்தாறு வருசம் முன்னால்
ஏதோ ஒரு வருசத்தை ஏற்றிக்கொண்டு.

எண்ணெய்க் கறை பட்ட ரிஜெக்ட் பீஸ் ஒன்றை
எனக்குக் கொடுத்தார்கள்.
எக்ஸ்எல்.
எனக்கும் நாற்பது.
பசந்த் அதில் சாக்கால் ஒரு சி போட்டுக் கொடுத்தான்.
எக்ஸுக்கும் ஐக்கும் நடுவே இடமில்லை,
கொஞ்சம் மேலே தூக்கி,
கூட்டத்தில் எட்டிப் பார்க்கிற ஆள் மாதிரி.

முதல் அலசலில் சி போய்விட்டது.
கறை போகவில்லை.